மேலகரம் வரை அழாத குழந்தை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாகக் கிடந்தாலும் சிப்ஸ் கடை அக்கா அதில் உட்காரமாட்டாள். பஸ்ஸைக் கண்ணால் ஒரு சுற்றுத் துழாவி, கைக்குழந்தை வைத்திருப்பது யார் என்று கண்டுபிடித்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். அதுவும் தன் இடது கன்னம் குழந்தைக்குத் தெரிகிற பக்கமாகப் பார்த்து. அடுத்த முறை எங்கள் கிளினிக்குக்கு வரும்போது, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே எனக்குத் தகவல் வந்துவிடும்.

"ஏட்டி, மேலகரம் தாண்டுத வரைக்கும் அழல. பொறவு ஒரு மாதிரியா பாத்துச்சு. ஆனா அழல."

நான் அப்போது தென்காசியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் உதவியாளராக இருந்தேன். கீழப்பாவூரிலிருந்து தினமும் போய் வருவேன். முகத்தில் மரத்துப்போவதற்கான களிம்பு தடவி அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது, லேசர் ஓடும்போது புகையை உறிஞ்சுகிற குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது, முடிந்ததும் ஐஸ் ஒத்தடம் கொடுப்பது, இதெல்லாம் என் வேலை. சுவரில் 'முன்', 'பின்' என்று படங்கள் மாட்டியிருந்தோம். அதில் ஒருவர்கூட எங்களிடம் வந்தவர் இல்லை. மெஷின் வாங்கும்போது கூடவே வந்த படங்கள். அந்த முகங்களில் 'முன்' என்பதிலேயே பெரிய குறை எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. அக்கா அந்தப் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். கண்ணாடியும் பார்க்கமாட்டாள். எங்கள் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் போட்டோ எடுத்துப் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். அக்கா மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து என்னிடம் சொல்லுவாள்.

"போட்டோவுக்கு என்னட்டி தெரியும். புள்ளையள்ட்ட காட்டுனாத்தான் தெரியும்."

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அவள் வீட்டுக்காரருக்கு நேந்திரங்காய் சிப்ஸ் கடை. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வருகிற கூட்டம் அப்படியே கடை முன்னால் நின்றுவிடும். சுடச்சுடப் பொரித்துப் போட்டால்தான் வாங்குவார்கள். அப்படி ஒரு சீசன் நாளில், அடுப்பின் கால் சரிந்து எண்ணெய்ச் சட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. இடது பக்கம் நெற்றிப்பொட்டிலிருந்து கழுத்து வரைக்கும் வெந்து போயிற்று. அவள் மகளுக்கு அப்போதுதான் நடை பழகுகிற வயது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவள் மாதக்கணக்கில் கிடந்தபோது, வாசுதேவநல்லூரிலிருந்து நாத்தனார் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்காரரின் அக்கா அவள். கணவன் போலீஸில் ஏட்டு. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அக்கா முதல் வேலையாக வாசுதேவநல்லூர் போயிருக்கிறாள். வாசலில் அவளைப் பார்த்த பிள்ளை கத்திய கத்தலில் மூச்சு நின்று முகம் நீலம் பாரித்துவிட்டதாம். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து தண்ணீர் தெளித்துத்தான் மூச்சு வந்திருக்கிறது.

நாத்தனார் அப்போது சொன்ன வார்த்தையை அக்கா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டியிருக்கிறாள். "பயம் தெளியட்டும். தெளிஞ்சதும் நானே கொண்டாந்து விடுதேன். எனக்கென்ன, உம் புள்ளதான."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எங்களிடம் வந்தாள். எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு, வேலைக்கு, பிறத்தியார் கண்ணுக்கு என்று வந்தார்கள். அழகு என்ற சொல்லை அந்த அறையில் ஒரு தடவைகூட உச்சரிக்காத ஒரே ஆள் அக்காதான். கன்னம் ஒரு பிள்ளை பார்க்கிற மாதிரி ஆகவேண்டும், ஆகிவிட்டால் தன் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

முதல் நாளே டாக்டரம்மா உடைத்துச் சொல்லிவிட்டார். "குறையும்மா. போகாது."

"கொறஞ்சா போதும் மேடம்" என்றாள் அக்கா.

அவளுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எதைச் செய்தாலும் 'அடியில என்ன நடக்கு' என்று கேட்பாள். களிம்பு ஊறுகிற அந்த ஒரு மணி நேரமும், பிளாஸ்டிக் தாளுக்குள்ளிருந்து வாய் மட்டும் அசையும். டாக்டரம்மா சொன்னதை நான் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்லுவேன். ஆசிட் பீல் என்றால், மருந்து மேல்தோலைச் சுட்டு அது வறண்டு உரிந்து விழும்; நிறத்துக்கு நல்லது, மேடு பள்ளத்துக்கு ஒன்றும் செய்யாது. டெர்மாபிரேஷன் என்றால், சுழலுகிற வைரமுனையால் தோலை ரத்தம் கசியக் கசியத் தேய்த்து எடுப்பது. ஊசி உருளை என்றால், பொடி ஊசிகள் பதித்த சின்ன உருளையைத் தோலில் உருட்டுவது; சூடு வைக்காது. குத்தி மட்டும் விடும், அந்தக் காயத்தை ஆற்றுகிற சாக்கில் உள்ளே புதுச் சதை கட்டும். லேசர் புள்ளி புள்ளியாகத் துளை போட்டுவிட்டு நடுவில் நல்ல தோலை மிச்சம் வைக்கும், அந்த மிச்சம்தான் பக்கத்துத் துளையை ஆற்றும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"அப்ப காயி சீவுத மாதிரிதான். தோல உரிக்கது ஒண்ணு, சீவுதது ஒண்ணு, குத்துதது ரெண்டு. பேசாம அந்தச் சீவுததயே போட்டுத் தேச்சு விட்டுரச் சொல்லுட்டி. ஒரே நாள்ல முடிஞ்சிரும்லா."

டாக்டரம்மா மறுத்துவிட்டார். நல்ல தோலைத் தேய்த்தால் அடியில் இருக்கிற முடிவேரிலிருந்தும் வியர்வைச் சுரப்பியிலிருந்தும் புதுத்தோல் ஏறி வந்து மூடிவிடும். எண்ணெய் பட்டு வெந்த இடத்தில் அந்த வேர் எதுவும் மிச்சமில்லை. தேய்த்தால் புண்ணாகவே நிற்கும், இல்லையென்றால் முன்னைவிடத் தடித்து எழும்பும். நம் நிறத்துக்குக் கறுப்பு வேறு ஏறும். அதனால் லேசரைக் கொஞ்சமாக, மாதங்கள் இடைவெளி விட்டு வைக்கலாம் என்றார்.

"வேர் இல்லன்னா எப்படி மொளைக்கும்ங்காவ. சரிதான்" என்றாள் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்லாட்டி" என்றாள். நகரும் என்றேன்.

லேசருக்கு ஒவ்வொரு தடவையும், "கொஞ்சம் கூட்டி வைங்க மேடம்" என்பாள். புகை எழும்பினால், "எண்ணெ பத்துன வாடை" என்று சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. கூட்டமான நாட்களில் காத்திருக்கிற இடத்தில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு கிட்டப் போவாள். பிள்ளை வாங்கிக்கொண்டால் அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவாது. ஒருநாள் ஒரு பையன் அலறி, அவன் அம்மா எழுந்து, "எதுக்குங்க புள்ளையப் பயமுறுத்துதீய, அங்கிட்டுப் போயி இருங்களேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெண்ணின் டோக்கனைக் கடைசியில் தள்ளிவிடலாம் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அவ சொல்லுதது சரிதான்ட்டி. ஆனா ஒண்ணு பாத்தியா. கைப்புள்ளைய அவ்வளவா அழுகுதது இல்ல. பேசப் பழகுத வயசுலதான் பயம் வருது. எம் மவளுக்கு அந்த வயசு போயிருச்சுன்னா சரியாயிரும்."

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லவேண்டும். மனிதர் கெட்டவர் இல்லை. அடித்தார், பிடித்தார் என்றால் ஊரைக் கூட்டலாம். அவர் எதுவுமே செய்யவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு மறைப்புக் கட்டி, "இங்கன இருந்து காய் மட்டும் சீவு, முன்னால கூட்டம் ஜாஸ்தி" என்றார். அவளும் அங்கேயே உட்கார்ந்து சீவினாள். வாசுதேவநல்லூருக்கு அவர் மட்டும் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். வீடியோ காலில் நாத்தனார் பிள்ளை தூங்குவதைத் தூரத்திலிருந்து காட்டுவாள். விழித்திருக்கும்போது காட்டமாட்டாள், பயந்துவிடுமாம்.

மூன்றாவது லேசருக்குப் பிறகு கன்னத்தில் சின்னச் சின்னப் பொருக்குகள் கட்டியிருந்த வாரத்தில், நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. சாரல் நன்றாக விழுகிறதாமே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளிக்க வருகிறோம் என்று. பொருக்கு தானாக உதிர இன்னும் நாளாகும். கையால் தொடக்கூடாது, தண்ணீர் வேகமாகப் படக்கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்துக் கடைக்காரி சொன்னாளாம், "இவ்வளவு பக்கத்துல அருவிய வச்சுக்கிட்டு ஏன் மலைக்க. மலையில உள்ள மூலிகையெல்லாம் கரைஞ்சு வார தண்ணி. நின்னுட்டு வந்தா பொருக்கு போன எடம் தெரியாது."

இதை வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கமாட்டோம். சொறி சிரங்கிலிருந்து சித்தம் கலங்கியது வரைக்கும் அருவிக்குக் கூட்டி வருகிற ஊர் இது. என்னைக் கேட்டிருந்தால் நானும் பாதி நம்பித்தான் பதில் சொல்லியிருப்பேன். அக்கா மறுநாள் விடியற்காலையில் ஐந்தருவிக்குப் போய், பெண்கள் பக்கத்தில் தண்ணீர் கல் விழுகிற மாதிரி விழுகிற இடமாகப் பார்த்து, கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அன்று மதியம் எனக்குப் போன் பண்ணினாள். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதே இல்லை. "ஏட்டி, பொருக்கெல்லாம் போயிருச்சு. ரோஸ் கலர்ல வழுவழுன்னு இருக்கு. கண்ணாடி பாத்தேன்ட்டி."

உடனே கிளினிக்குக்கு வரச் சொன்னேன். திங்கட்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கன்னம் வீங்கி நீர் வடிய ஆரம்பித்திருந்தது. பிள்ளை காரிலிருந்து இறங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு நாத்தனாரின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அழுகையை நிறுத்த முடியாமல் குளிக்காமலேயே திரும்பிப் போனார்கள். "இன்னும் பயம் தெளியலயே. பாப்போம்" என்றாளாம் நாத்தனார்.

திங்கட்கிழமை டாக்டரம்மா திட்டிய திட்டு வெளியே ரோட்டுக்குக் கேட்டிருக்கும். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "அருவி கெடுதல் பண்ணாதுன்னு நெனச்சேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். அவள் போனபிறகு டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னிடம், "பாதிகூடச் சரியாகாது இந்தக் கேஸ். நான் எடுத்திருக்கவே கூடாது" என்றார். பட்ட காலிலே படும் என்பார்கள். சீழ் ஆறியதும், லேசர் பட்ட இடமெல்லாம் சட்டியடிக் கரி மாதிரி கறுத்துவிட்டது. தழும்பு மேடாக இருந்ததோடு இப்போது தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஆயிற்று.

அதற்குப் பிறகான வருஷங்களை நினைத்தாலே எனக்கு அலுப்பாக வரும். கறுப்புக்கு லேசான பீல், கொஞ்சம் கறுப்பு குறைந்ததும் ஊசி உருளை, பிறகு மறுபடி பீல். சாரல் மூட்டத்திலும் சன்ஸ்கிரீன் தடவச் சொன்னோம், தடவினாள். பஸ்ஸில் குழந்தைகள் அழுதார்கள். அதையும் ஒன்று விடாமல் வந்து சொன்னாள். இலஞ்சி விலக்கு நிறுத்தத்தில் அழுதது, ஏறியதுமே அழுதது, பிள்ளையின் அம்மா இடம் மாறி உட்கார்ந்தாள் என்று. இந்தப் பரீட்சையை விட்டுத் தொலையேன் அக்கா என்று ஒருநாள் கத்திவிட்டேன். "விட்டா எப்படித் தெரியும்" என்றாள். நாளாக ஆகக் கறுப்பு மெதுவாக வெளிறியது. மேடு ஓரங்களில் தணிந்தது. மேலகரம் வரை அழாத குழந்தைகள் மறுபடியும் கிடைக்க ஆரம்பித்தார்கள். ஒரு குழந்தை குற்றாலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் வளையலை உருட்டிக்கொண்டே வந்ததாம். அன்றே வாசுதேவநல்லூருக்குப் போன் பண்ணிவிட்டாள்.

நாத்தனார், சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்றிருக்கிறாள்.

"நீ பக்கத்துல நில்லுட்டி." என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். போனேன். கடை முன்னால் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அக்கா மறைப்புக்குப் பின்னாலிருந்து கடைக்கு முன்னால் வந்து நின்றாள். விபத்துக்குப் பிறகு அவள் அங்கே நின்றதை அன்றுதான் பார்த்தேன். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ. உள்ளே கயிற்றுக்கட்டிலில் புது விரிப்பு போட்டு, புது கவுன் ஒன்றை மடித்து வைத்திருந்தாள். சின்னதாகப் போய்விடுமோ என்று என்னிடம் நாலு தடவை கேட்டாள்.

கார் வந்தது. நாத்தனாரும் ஏட்டும் இறங்கினார்கள். பின்னால் இறங்கிய பெண் பிள்ளைக்கு முன்பல் இரண்டு விழுந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அக்காவை நேராகப் பார்த்தாள். அழவில்லை. ஒளியவில்லை. இன்னும் இரண்டு எட்டு கிட்டவே வந்தாள்.

நாத்தனார் பிள்ளையின் தோளில் கை வைத்து, "அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றாள்.

"வணக்கம் அத்தை" என்றது பிள்ளை.

பிறகு நாத்தனாரை அண்ணாந்து பார்த்து, "அம்மா, நான் சிப்ஸ் வாங்கிக்கிடட்டுமா" என்று கேட்டது.

நாத்தனாரை அம்மா என்று கூப்பிடுகிற பிள்ளைக்கு, நாத்தனாரின் தம்பி பெண்டாட்டி அத்தைதானே. முறை சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அவர் எப்போதோ மாமா ஆகியிருக்கவேண்டும். நாத்தனாரின் முகத்தில் ஜெயித்த களை இருந்திருந்தால் நான் இந்நேரம் அவளைத் திட்டி நாலு பக்கம் எழுதியிருப்பேன். அவளோ காலில் விழப்போகிறவள் மாதிரி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா நாத்தனாரைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த இடமே ரெண்டுபட்டிருக்கும். சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இந்தா மருமவளே. சூடா இருக்கு, பாத்துத் தின்னு."

பிள்ளை வாங்கிக்கொண்டது. கன்னத்தையே பார்த்துவிட்டு, "அத்தை, இது தொட்டா வலிக்குமா?" என்று கேட்டது.

"வலிக்காது. தொட்டுப் பாரு."

பிள்ளை எண்ணெய் விரலைக் கவுனில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் கன்னத்தைத் தொட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்துவிட்டு, அருவிக்குப் போகலாம் என்று நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்தது. அடுத்த சீசனுக்கும் கூட்டி வருகிறேன் என்றாள் நாத்தனார். "சரி மதினி" என்றாள் அக்கா. அந்தப் பிள்ளை இனி அந்த வீட்டில் தங்க வரப்போவதில்லை என்று அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர்கள் தூறலில் நடந்து மறைகிற வரைக்கும் அக்கா அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். வெந்து ஆறிய தோலின் நடுப்பகுதியில் தொடுவுணர்ச்சி இருக்காது. லேசரோ ஊசியோ நாங்கள் செய்த எதுவும் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை, கொண்டுவரவும் முடியாது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"புள்ள எங்கன தொட்டுச்சுட்டி?" என்று கேட்டாள்.

நான் என் கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் தன் கன்னத்தில் அந்த இடத்தைத் தேடினாள்.